போட்டுல சேட்டிலைட் வார்னிங் பொட்டியை புதுசா மாத்தணுமா? காசிமேடு, எண்ணூர் பக்கத்துக்காரங்களுக்கு ஒரு வழிகாட்டி

காசிமேடு, திருவொற்றியூர் குப்பம், எண்ணூர்னு நம்ம பக்கம் போட்டு வச்சிருக்கவங்களுக்கும், சங்கத்துல "புயல் வந்தா நீ பாத்துக்கப்பா"ன்னு பொறுப்பு தலைமேல விழுந்தவங்களுக்கும் தான் இது. எங்க வீட்டு போட்டுக்கும் தெருவுல இன்னும் சில பேர் போட்டுக்கும் பழைய பொட்டியை மாத்தி புது டிரான்ஸ்பாண்டர் வைக்கிற வேலைக்கு நான் தான் அலைஞ்சேன், ஒரு எடத்துலயாவது எல்லாத்தையும் மொத்தமா சொன்னாங்களான்னா இல்ல, ஒரு டேபிள்ல ஒரு ஜெராக்ஸ் கேப்பாங்க, அடுத்த டேபிள்ல வேற ஒண்ணு, மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் வாங்கம்பாங்க. நீங்களும் அதே மாதிரி அலையவேணாம்.

1. உங்க போட்டுல இப்ப இருக்கறது எந்த பொட்டி?

இதை தெரிஞ்சுக்காம ஆபீசுக்கு போனா அங்க கேக்குற முதல் கேள்விக்கே முழிப்பீங்க. நம்ம பக்கம் போட்டுங்கள்ல மூணு நாலு வகை கலந்து கெடக்கு.

பழசு டேட், அதாவது ஆபத்து பட்டன் பொட்டி. 2010ல இருந்து ஓடுது. போட்டு முழுகுது, தீப்பிடிச்சிருச்சு, ஆளுக்கு ஒடம்பு சரியில்லன்னா பட்டனை அமுக்கணும், சேட்டிலைட் வழியா கன்ட்ரோல் சென்டருக்கு போய் அங்கேர்ந்து கோஸ்ட் கார்டுக்கு தகவல் போகும். ஆனா அமுக்குனவனுக்கு போச்சா போகலையான்னு ஒண்ணும் தெரியாது, திரும்ப பதில் வராது, வானிலை வார்னிங்கும் இதுல வராது.

ரெண்டாவது ஜெமினி. 2017 ஒக்கி புயல் சமயத்துல ஆழ்கடல்ல இருந்தவங்களுக்கு தகவல் சொல்லவே வழியில்லாம போச்சே, அதுக்கப்புறம் யோசிச்சு 2019ல விட்டது. ககன்ங்கற நம்ம நாட்டு சேட்டிலைட் வழியா, ஹைதராபாத்ல இருக்கற இன்காய்ஸ்ங்கற கடல் தகவல் மையம் அனுப்புற புயல், உயர் அலை, சுனாமி எச்சரிக்கையும் மீன் கெடைக்கிற எட தகவலும் புளூடூத்ல போனுக்கு வரும். வரும், அவ்ளோதான். நம்மால ஒரு வார்த்தை திருப்பி அனுப்ப முடியாது.

புதுசுல ரெண்டு இருக்கு. 2024 ஜனவரில இஸ்ரோ சொன்ன ரெண்டாம் தலைமுறை டேட் ஒண்ணு. அதுல பட்டன் அமுக்குனா "வந்துடுச்சு"ன்னு கரையில இருந்து பதில் வரும், மோசமான வானிலை, புயல், சுனாமி மெசேஜும் வரும். இன்னொண்ணு தான் இப்ப எல்லாரும் டிரான்ஸ்பாண்டர்னு சொல்றது. 2024 ஆகஸ்ட் 30ல ஆரம்பிச்ச மத்திய அரசு திட்டம், சுமார் 360 கோடி ரூபா, 13 கடலோர மாநிலம் யூனியன் பிரதேசத்துல 1 லட்சம் போட்டு, விசைப்படகும் உண்டு, மோட்டார் வச்ச ஃபைபர் படகும் உண்டு. ரெண்டு பக்கமும் சின்ன மெசேஜ் போகும் வரும், நாட்டு கடல் எல்லைக் கோடு பக்கம் போனா எச்சரிக்கும். நான் இந்த கட்டுரைல சொல்ற பேப்பர் வேலை எல்லாம் பெரும்பாலும் இதுக்குத்தான்.

செல்போன் தான் இருக்கே இதெல்லாம் எதுக்குன்னு ஃபைபர்காரங்க கேப்பாங்க. கரையில இருந்து 10, 12 கிலோமீட்டர் தாண்டுனா டவர் கெடைக்காது, அதுக்குள்ளயே தொழில் பண்றவங்களுக்கு வேணும்னா போன் போதும்.

2. எப்ப ஆரம்பிக்கணும்

மீன்பிடி தடைக்காலம் ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள், விசைப்படகு எல்லாம் கரையில கட்டியிருக்கும், மீன்வளத்துறை போட்டு இன்ஸ்பெக்‌ஷனும் அப்ப தான் வரும். பொட்டி மாட்ட அது தான் சரியான நேரம், ஆனா பேப்பர் வேலையை அப்ப ஆரம்பிச்சா லேட்டு. பிப்ரவரி மார்ச்லயே பேப்பரை எடுத்து வச்சுடுங்க. பேர் மாத்தம், வாரிசு பிரச்சனை இருக்கற போட்டுன்னா பொங்கல் முடிஞ்ச கையோட இறங்கிடணும்.

ஜூன் முதல் வாரத்துக்கு மேல நம்ம ஹார்பர்ல ஒரு எலக்ட்ரீஷியன் கையில கெடைக்க மாட்டான், எல்லா ஓனரும் பெயின்ட்டு, வலை, இஞ்சின்னு ஒரே நேரத்துல பறப்பாங்க. விட்டுட்டு பொறவு பாத்துக்கலாம்னா அடுத்து அக்டோபர் வந்துடும், அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் தான் நமக்கு புயல் சீசனே.

3. பேப்பர்

கையில வேண்டியது: போட்டு பதிவு சான்றிதழ், நடப்பு வருஷ மீன்பிடி லைசென்ஸ், ஓனர் ஆதார், மீனவர் அடையாள அட்டை, இன்சூரன்ஸ் இருந்தா அதோட காப்பி, பேங்க் பாஸ்புக் முதல் பக்கம், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, அப்புறம் பதிவு நம்பர் தெளிவா தெரியற மாதிரி போட்டை பக்கவாட்டுல எடுத்த போட்டோ. பழைய பொட்டி இருந்தா அதோட சீரியல் நம்பர் தெரியற போட்டோவும் எடுத்துக்கங்க, இதை பல பேர் விட்டுடுவாங்க, அப்புறம் ஹார்பருக்கு ஓடி வந்து வீல் ஹவுஸ்ல ஏறி டார்ச் அடிச்சு பாத்துட்டு இருப்பாங்க. ஜெராக்ஸ் ரெண்டு செட், ஒரிஜினல் ஒரு கவர்ல.

போட்டு எந்த மாவட்டத்துல பதிவோ அந்த மீன்வளத்துறை ஆபீசுக்கு தான் போகணும், எங்க கட்டியிருக்கீங்கங்கறது கணக்கே இல்ல. பழவேற்காட்டுக்காரர்கிட்ட வாங்கி இப்ப காசிமேட்டுல ஓடுற போட்டுன்னா பதிவு திருவள்ளூர் மாவட்டத்துல இருக்கும், அதை மாத்தாம இங்க வரிசையில நின்னு பிரயோஜனம் இல்ல.

இப்ப சிக்கல் வர்ற எடங்களை சொல்றேன்.

செகண்ட் ஹேண்ட் போட்டு: நம்ம ஊர்ல பாதி போட்டு கைமாறுனது தான், காசு குடுத்து வெள்ளைத்தாள்ல எழுதி வாங்கி ஓட்டிட்டு இருப்போம், பதிவு பழைய ஓனர் பேர்லயே இருக்கும். பொட்டி அவர் பேருக்கு தான் வரும். நாளைக்கு கடல்ல எஸ்ஓஎஸ், அதாவது ஆபத்து பட்டனை அமுக்குனா கோஸ்ட் கார்டு போன் பண்றது அவருக்கு, அவர் "நான் வித்து நாளாச்சு சார்"ம்பார். பேர் மாத்தத்தை முடிக்காம இதுல இறங்காதீங்க.

ஓனர் இறந்துட்டா: வாரிசு சான்றிதழ் வேணும், இ-சேவை மையத்துல போட்டா தாலுகா ஆபீஸ்ல இருந்து விசாரணை வரும். சேவைக் கட்டணம் சின்னது தான், நேரம் தான் பெருசு. அண்ணன் தம்பி அக்கா தங்கச்சி எல்லார்கிட்டயும் சம்மதக் கையெழுத்து முன்னாடியே வாங்கி வச்சுக்கங்க, கல்யாணம் ஆகி வெளியூர் போன அக்கா ஒருத்தங்க கையெழுத்துக்காக ஃபைல் அப்படியே நிக்கறதை பாத்திருக்கேன்.

பேர் எழுத்து: ஆதார்ல இனிஷியல் பின்னாடி, பதிவுல முன்னாடி, பாஸ்புக்ல அப்பா பேர் முழுசா. ஒரு ஆபீஸ்ல கண்டுக்க மாட்டாங்க, இன்னொரு ஆபீஸ்ல அதுக்கே திருப்பி அனுப்புவாங்க. ஆதாரை திருத்துறது தான் இருக்கறதுலயே சுலபம், அதை பண்ணிடுங்க.

போன் நம்பர்: இது தான் எல்லாத்தையும் விட முக்கியம். ஃபார்ம்ல ஒரு அவசர நம்பர் கேப்பாங்க, அங்க கடலுக்கு போற ஆளோட நம்பரை எழுதாதீங்க! ஆபத்துல இருக்கறவனுக்கே போன் போட்டு "உங்க போட்டுக்கு என்ன ஆச்சு"ன்னு கேக்கவா? கரையில இருக்கற வீட்டம்மா, மக, சங்கத்து ஆள், எப்பவும் போன் எடுக்கறவங்க நம்பர் ரெண்டு குடுங்க.

ஃபைல் குடுத்த உடனே நாள் போட்ட ஒப்புகை சீட்டு வாங்கிடணும். குடுக்க மாட்டாங்க, கேட்டு நிக்கணும்.

4. காசு

டிரான்ஸ்பாண்டர் போட்டுக்காரங்களுக்கு இலவசம். பொட்டிக்குன்னு யாராச்சும் காசு கேட்டா ரசீது கேளுங்க, கேட்ட உடனே ஆள் மாயமாயிடுவான். "லிஸ்ட்ல பேர் முன்னாடி வர வைக்கிறேன்"னு சொல்றவனும் அதே கோஷ்டி தான்.

நம்ம கைக்காசு வேற எடத்துல போகும். புது வயர், ஃபியூஸ், ஸ்விட்ச், எலக்ட்ரீஷியன் கூலி, எங்க பக்கம் எல்லாம் சேத்து ரெண்டாயிரம் மூவாயிரத்துக்குள்ள வந்துச்சு. போட்டு பேட்டரி செத்துப்போய் கெடந்தா அது தனிச்செலவு, அது தான் பெரிய செலவு. போட்டுக்குன்னு ஒரு ஆண்ட்ராய்டு போன் ஒதுக்கணும், புதுசு வேணாம், வீட்டுல ஸ்க்ரீன் கீறல் விழுந்து கெடக்கறதே போதும், புளூடூத் வேலை செஞ்சா சரி. தண்ணி புகாத பை ஒண்ணு.

5. மாட்டுறப்ப பக்கத்துல நில்லுங்க

டெக்னீஷியன் வருவார், அவருக்கு அன்னிக்கு நெறைய போட்டு இருக்கும், எங்க ஆணி அடிக்க சுலபமோ அங்க மாட்டிட்டு போவார். நீங்க தான் பாக்கணும். வீல் ஹவுஸ் கூரை மேல, சுத்தி வானம் தெரியற எடம். மாஸ்ட்டு கம்பிக்கு பக்கத்துல ஒட்டி வேணாம், வாக்கி டாக்கி ஏரியல் பக்கத்துல வேணாம், வலை இழுக்கறப்ப கயிறு உரசுற எடம் கண்டிப்பா வேணாம். தார்ப்பாய் போட்டு மூடுற பழக்கம் இருக்கற பசங்ககிட்ட அதை மட்டும் மூடாதீங்கடான்னு சொல்லி வைங்க.

கரண்ட் குடுக்குறதுக்கு முன்னாடி பொட்டி ஸ்டிக்கர்ல எத்தனை வோல்ட்டுன்னு படிங்க, சில போட்டுல பன்னெண்டு ஓடும், சிலதுல இருபத்திநாலு. லைட்டு, பம்பு, பாட்டுப் பொட்டி எல்லாம் தொங்குற லைன்லயே இதையும் தொங்க விடாதீங்க, பேட்டரில இருந்து தனி லைன், தனி ஃபியூஸ். உப்புக்காத்துல ஃபியூஸ் கிளிப்பு கொஞ்ச நாள்லயே பச்சை பூத்துரும், வெளிய பாத்தா வயர் நல்லா தான் இருக்கும், உள்ள கரண்டே போகாது. கிளிப்பை எமரி பேப்பர் வச்சு தேச்சு கொஞ்சம் கிரீஸ் தடவி விடுங்க, ஐஸ் ஏத்துற நாளன்னிக்கு இதையும் ஒரு தடவை பாத்துடுங்க.

6. போனும் டெஸ்ட்டும்

டிரான்ஸ்பாண்டரோட போற ஆப் பேரு நப்மித்ரா. கரையில நெட் இருக்கும்போதே இறக்கி, புளூடூத்ல பொட்டியோட சேத்து, ஒரு சாதா மெசேஜ் அனுப்பி பதில் வருதான்னு பாத்துட்டு தான் டெக்னீஷியனை விடணும். டிரைவர் போன்ல மட்டும் போடாதீங்க, டிரைவர் அடுத்த பாடுக்கு, அதாவது அடுத்த டிரிப்புக்கு, வேற போட்டுக்கு போயிட்டா ஆப்பும் கூடவே போயிடும்.

எஸ்ஓஎஸ் பட்டனை டெஸ்ட்டுக்காக அமுக்கவே கூடாது, அது நேரா தேடுதல் வேலையை கிளப்பி விட்டுடும். தெரியாம அமுங்கிட்டா ஒளிஞ்சுக்காம உடனே கோஸ்ட் கார்டு 1554க்கு போன் பண்ணி போட்டு நம்பரை சொல்லிடுங்க, கோவப்படுவாங்க, பரவால்ல.

7. வந்த மெசேஜை படிக்கிறது எப்படி

பொட்டி நல்லா தான் வேலை செய்யும், மெசேஜும் வரும், ஆனா அதை பாத்துட்டு "ஏதோ காத்துன்னு போட்டிருக்கான்"னு போனை உள்ள வச்சுட்டா என்ன பண்றது. ஒரு தடவை டிரைவரையும் பசங்களையும் உக்கார வச்சு இதை சொல்லி குடுங்க.

நேரம்: சில அறிக்கைல நேரம் யுடிசி, அதாவது உலகப் பொது நேரம்னு போட்டு வரும், அதோட அஞ்சரை மணி நேரம் கூட்டிக்கணும். 0300 யுடிசின்னா நமக்கு காலைல எட்டரை. இதை கவனிக்காம ராத்திரி மூணு மணி நெலவரம்னு நெனச்சு, புதுசா வந்ததை பழசுன்னு ஒதுக்குனவங்க உண்டு.

எடம்: நாம பாக்கறது "வடதமிழக கடலோரம்" மட்டும் தான். ஆனா நம்ம போட்டு நெல்லூர் பக்கம், கிருஷ்ணப்பட்டினம் பக்கம்லாம் போகுது, அப்ப "தெற்கு ஆந்திர கடலோரம்"னு வர்றதும் நமக்கு தான். "தென்மேற்கு வங்கக்கடல்"னு வந்தா நம்ம முன்னாடி இருக்கற ஆழ்கடலே அது தான்.

காத்து: வழக்கமா "மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர், இடையிடையே 65"னு வரும். அந்த 65ஐ பாருங்க, போட்டை சாய்க்கறது அது தான். கடல்ல உருவாகுற சிஸ்டத்துக்கு குடுக்குற பேருக்கும் கணக்கு இருக்கு: காத்து மணிக்கு 31 முதல் 49 கிலோமீட்டர் வரைக்கும் காற்றழுத்த தாழ்வு மண்டலம், 50 முதல் 61 ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 62 தொட்டா புயல், 89 தொட்டா தீவிரப் புயல். "இன்னும் புயல் ஆவலப்பா, மண்டலம் தான்"னு சொல்லி கடல்ல நிக்கறவங்க அந்த மண்டலத்துலயே 60 அடிக்கும்கறதை மறந்துடறாங்க.

தூரம்: மெசேஜ்ல புயல் 10.5 டிகிரி வடக்குன்னு வருதுன்னு வைங்க. காசிமேடு சுமாரா 13.1. வித்தியாசம் 2.6, ஒரு டிகிரிக்கு 60 நாட்டிக்கல் மைல், அப்ப 156 நாட்டிக்கல் மைல், கிட்டத்தட்ட 290 கிலோமீட்டர். இது வடக்கு தெற்கு கணக்கு மட்டும் தான், கிழக்கால இருந்து வந்தா வேற, ஆனா கையில பேனா இருந்தா போதும், ஒரு அளவு தெரிஞ்சுடும். அது மணிக்கு 15 கிலோமீட்டர்ல வருதுன்னா பத்தொம்போது மணி நேரம்னு கணக்கு வரும், ஆனா காத்தும் அலையும் அதுக்கு ரொம்ப முன்னாடியே வந்துடும்.

இன்னொண்ணு, நம்ம போட்டு வேகம் 8 நாட், அதாவது மணிக்கு 8 நாட்டிக்கல் மைல்னா அதுவும் மணிக்கு 15 கிலோமீட்டர் தான். அதாவது புயலும் நம்மளும் ஒரே வேகம், பின்னாடி வர ஆரம்பிச்சப்புறம் ஓடி ஜெயிக்க முடியாது. 40 நாட்டிக்கல் மைல் வெளிய இருந்தா கரைக்கு வர அஞ்சு மணி நேரம், அதுவும் கடல் சும்மா இருந்தா. வலையை இழுத்து முடிச்சுட்டு வரேன்னா அதையும் சேத்துக்கங்க.

கள்ளக்கடல்: காத்தே இருக்காது, வானம் பளிச்சுன்னு இருக்கும், ஆனா எங்கயோ தெக்கு இந்தியப் பெருங்கடல்ல அடிச்ச புயலோட அலை இங்க வந்து அடிக்கும். கேரளாவுலயும் குமரி பக்கமும் தான் இது அதிகம். இன்காய்ஸ்ல இருந்து அலை உயர எச்சரிக்கை வந்தா மேல பாத்து முடிவு பண்ணாதீங்க, ஹார்பர்ல கட்டுன போட்டுக்கு டயர் நல்லா தொங்க விட்டு கயிறை கொஞ்சம் தளர்த்தி கட்டுங்க.

துறைமுகத்துல ஏத்துற புயல் கூண்டும் தெரிஞ்சுக்கணும். 1, 2ன்னா தூரத்துல இருக்கு, 3, 4 உள்ளூர் எச்சரிக்கை, 5ல இருந்து 7 அபாயம், 8ல இருந்து 10 பெரும் அபாயம். 11ன்னா வானிலை மையத்தோட தொடர்பே அறுந்துடுச்சுன்னு அர்த்தம்.

8. கரையில ஒருத்தர் இருக்கணும், ஒருத்தர் இல்ல ரெண்டு பேர்

சங்கத்து பொறுப்புல இருக்கறவங்க இதை மட்டுமாவது படிங்க. எல்லா போட்டுலயும் புதுப்பொட்டி வந்தாச்சுன்னு சங்கம் கைய தட்டிட்டு உக்காந்துடுது, கரையில யார் பாக்கறாங்கன்னா யாரும் இல்ல.

ஒரு நோட்டு போடுங்க. கம்ப்யூட்டர்லயும் இருக்கட்டும், பேப்பர்லயும் கண்டிப்பா இருக்கணும். போட்டு பதிவு நம்பர், பொட்டி நம்பர், டிரைவர் பேர், எத்தனை பேர் ஏறுனாங்க, என்னிக்கு போனாங்க, என்னிக்கு வர்றதா சொன்னாங்க, கரை நம்பர் ரெண்டு. ஆள் கணக்கு தான் எப்பவும் தப்பா இருக்கும், கடைசி நிமிஷத்துல மச்சானை ஏத்திக்கிட்டு போயிடுவாங்க, ஐஸ் ஏத்துற எடத்துல நின்னு தலையை எண்ணுங்க.

டியூட்டி ராத்திரி பகல் பிரிச்சுக்கங்க. புயல்னு ஆயிட்டா வானிலை மையம் மூணு மணி நேரத்துக்கு ஒரு அறிக்கை விடும், ஒவ்வொண்ணும் வந்த உடனே நோட்டுல நேரத்தோட எழுதி, வெளிய இருக்கற போட்டுக்கு மெசேஜ் போட்டு, யார் யார் பதில் போட்டாங்கன்னு டிக் அடிக்கணும். பதில் போடாத போட்டு தான் உங்க வேலை. பக்கத்துல இருக்கற போட்டு மூலமா வாக்கி டாக்கில கூப்பிட சொல்லுங்க, அதுலயும் வரலன்னா தள்ளிப் போடாம 1554, கூடவே மீன்வளத்துறைக்கும் சொல்லிடுங்க. ரெண்டு பக்கமும் பேசற பொட்டியோட அருமையே இந்த டிக் தான், பழசுல இது முடியாது.

கரண்ட் இருக்காதுன்னு வச்சுக்கிட்டே பிளான் பண்ணுங்க. 2016 வர்தாவுலயும் சரி, 2023 டிசம்பர் மிக்ஜாம்லயும் சரி, வடசென்னைல கரண்டும் போச்சு, டவரும் போச்சு. ரெண்டு வேற வேற கம்பெனி சிம், சார்ஜ் ஏத்துன பவர் பேங்க், பேட்டரில ஓடுற ரேடியோ, கோயில் இல்ல சர்ச் மைக் செட்டுக்கு ஒரு பேட்டரி. நெட்டுக்குப்பம், தாழங்குப்பம் மாதிரி எடத்துல தண்ணி உள்ள வர்றப்ப வாட்ஸாப்ப விட மைக் தான் வேலை செய்யும்.

கரையில இருக்கறவங்க போன்ல டிஎன்-அலர்ட், சசேத்ங்கற அரசு பேரிடர் எச்சரிக்கை ஆப் ரெண்டையும் வைங்க. பேரிடர் சமயத்துல போன் திடீர்னு கத்திக்கிட்டு ஒரு மெசேஜ் வரும், அது நெட் இல்லாமலே டவர்ல இருந்து நேரா வர்றது, வைரஸ்னு நெனச்சு அணைக்காதீங்க, செட்டிங்ஸ்லயும் அதை ஆஃப் பண்ணி வைக்காதீங்க. "வாட்ஸாப்ல வந்துச்சு"ங்கற தகவலை மைக்ல சொல்லாதீங்க, வானிலை மையம், இன்காய்ஸ், மாவட்ட நிர்வாகம் சொன்னதை மட்டும் சொல்லுங்க. ஒரு தடவை பொய் வதந்தியை மைக்ல சொல்லிட்டா அடுத்த தடவை நெஜத்தை சொன்னாலும் எவனும் நகர மாட்டான்.

9. பழைய பொட்டியை என்ன பண்றது

காயிலாங்கடைல போடாதீங்க, அடுத்தவருக்கு சும்மா குடுக்காதீங்க. அது உங்க போட்டு பேர்ல பதிவானது, வேற போட்டுல இருந்து யாராச்சும் அமுக்குனா தேடுறது உங்க போட்டை. மீன்வளத்துறை ஆபீஸ்ல ஒப்படைச்சு, சீரியல் நம்பர் எழுதுன ரசீது வாங்குங்க. ஜெமினி இருந்தா அதை உடனே கழட்ட வேணாம், அது வாங்குற கருவி தானே, புதுசு ஒரு சீசன் ஒழுங்கா ஓடற வரைக்கும் கூடவே ஓடட்டும்.

வீல் ஹவுஸ்ல பெயின்ட்ல எழுதி வைக்க வேண்டிய நம்பர்: கோஸ்ட் கார்டு 1554, கடலோர காவல் 1093, மாநில பேரிடர் 1070, மாவட்டம் 1077, பொது அவசரம் 112, வாக்கி டாக்கில சேனல் 16. ஸ்டிக்கர் ஒட்டுனா உப்புல உரிஞ்சுடும், பெயின்ட்டே அடிச்சுடுங்க.